அமைச்சர் அறிவித்தார், அரசாணை எங்கே?

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் தரம் உயர்த்தப்படும் என்று அமைச்சர் பேரவையில் அறிவித்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஏரியை ஒட்டி எழும்பும் அடுக்குமாடிக்கு அனுமதி கொடுத்தது யாரென்று தெரியவில்லை. யானை வழித்தடத்தைப் பாதுகாப்போம் என்றார்கள். அதன்பின் பேச்சே இல்லை. மூன்றுக்கும் நாம் வழக்கமாகச் செய்வது, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுப்பதுதான். அந்த மனு தாலுகா வரை இறங்கி, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரு வரியோடு திரும்பி வருகிறது. முடிவெடுத்தவர் அமைச்சர், பதில் எழுதுபவர் வருவாய் ஆய்வாளர் என்றால் மனு எங்கும் போய்ச் சேராது. முடிவெடுத்தவரிடமே கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதை இந்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசியலமைப்பின் 164(2) பிரிவு. கோட்பாடு இவ்வளவு போதும். அமைச்சர் வாயால் சொன்னதும் அவர் துறை அச்சிட்டதும் தேதியோடு உங்கள் கையில் இருந்தால், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடங்கள் பல உண்டு.

படி 1: ஒரே ஒரு வாக்குறுதியைப் பிடியுங்கள்

‘சுகாதாரம் சரியில்லை’ என்பதற்கு எந்த அமைச்சரும் பத்து நிமிடம் பதில் பேசிவிடுவார். ‘இந்த ஆண்டு, இந்தத் தேதியில், இந்த எண்ணுள்ள அறிவிப்பில் சொன்ன 30 படுக்கைகள் வந்தனவா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள். அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேட வேண்டிய இடங்கள்:

1. கொள்கை விளக்கக் குறிப்பு. ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் புத்தகம் இது. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். மக்கள் நல்வாழ்வுத் துறை கோரிக்கை எண் 19, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சி எண் 26, வனம் எண் 54.
2. அறிவிப்புகள். விவாதத்துக்குப் பதில் சொல்லி முடிக்கும்போது அமைச்சர் வாசிக்கும் பட்டியல். வரிசை எண்ணோடு குறித்து வையுங்கள்.
3. விதி 110 அறிக்கைகள். இவற்றின்மீது பேரவையில் விவாதம் கிடையாது. உறுப்பினர்கள் அந்த நேரத்தில் கேள்வி கேட்க முடியாததால், பின்தொடரும் வேலை இங்கே இன்னும் முக்கியம்.

குறிப்பு: செய்தித்தாள் துணுக்கைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக நீட்டாதீர்கள். ‘பத்திரிகையில் தவறாக வந்துள்ளது’ என்ற ஒரு பதிலில் உங்கள் ஆறு மாத உழைப்பு போய்விடும். அச்சிட்ட குறிப்பின் பக்கத்தையே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: யார் கையில் இருக்கிறது?

பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. காடும் வன உயிரினப் பாதுகாப்பும் 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே இரண்டு அரசுகளையும் கேட்க வேண்டியிருக்கும். கட்டட அனுமதியில் சிக்கல் இன்னும் அதிகம். சி.எம்.டி.ஏ.வும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் வீட்டுவசதித் துறையின் கீழ், நகராட்சிகள் நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ், ஏரி நீர்வளத் துறையின் கீழ், புறம்போக்கு நிலம் வருவாய்த் துறையின் கீழ். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் போன்ற இடத்தில் வனத்துறையும் சேர்ந்துகொள்ளும்; அந்தச் சதுப்புநிலத்தில் 1,247.54 ஹெக்டேர் 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. எந்தத் துறையை முதலில் கேட்டாலும் அடுத்த துறையைக் கைகாட்டும். அதனால் எல்லாத் துறைகளுக்கும் ஒரே நாளில், ஒரே கேள்வியை அனுப்புங்கள். பதில்களை அருகருகே வைத்துப் பார்த்தால் முரண்பாடு எங்கே என்று தானாகத் தெரிந்துவிடும்.

அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரை 2022 நவம்பரில் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுவே முதல் தலம். 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் ஏல முடிவை ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தப்படி இத்தகைய முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருக்கிறது. 2023 அக்டோபரிலேயே எதிர்த்துக் கடிதம் எழுதினோம் என்றது மாநிலம். ஏலம் முடியும்வரை இந்தத் தொகுதிக்கு மாநிலத்திடமிருந்து எதிர்ப்பு வரவில்லை என்றது ஒன்றியம். ஊர் மக்கள் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மதுரைக்கு நடைப்பயணம் போனார்கள், டெல்லியில் ஒன்றிய அமைச்சரையும் சந்தித்தார்கள். 2024 டிசம்பர் 9ஆம் தேதி சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23ஆம் தேதி ஏலம் ரத்து செய்யப்பட்டது. ஒரே ஓர் அரசை மட்டும் குற்றம்சாட்டிக்கொண்டிருந்தால், மற்றது ஒதுங்கி நின்றிருக்கும்.

படி 3: அரசாணையைத் தேடிப் படியுங்கள்

அறிவிப்பு என்பது பேச்சு. அரசாணை வந்தால்தான் அது அரசின் முடிவு. துறையின் இணையப் பக்கத்தில் அரசாணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த படியில் கேட்டு வாங்கலாம். கையில் கிடைத்ததும் இந்த வரிசையில் படியுங்கள்.

1. தலைப்பும் எண்ணும். ‘அரசாணை (நிலை) எண்’ என்று தொடங்கும். எண், தேதி, துறையின் பெயர், அதற்குள் இருக்கும் பிரிவின் குறியெழுத்து ஆகிய நான்கையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கடிதத்திலும் இதுதான் உங்கள் முகவரி.
2. ‘படிக்க’ பகுதி. பெரும்பாலானோர் தாண்டிப்போகும் இடம். எனக்கு அரசாணையில் மிக முக்கியமான இடமும் இதுவே. இந்த முடிவுக்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்து முழுக்க இங்கே தேதியோடு வரிசையாக இருக்கும். இயக்குநர் எழுதிய கடிதத்தின் ந.க. எண், அமைச்சரின் அறிவிப்புத் தேதி, முந்தைய அரசாணை எல்லாம் கிடைக்கும். அறிவிப்புக்கும் இயக்குநரின் கருத்துருவுக்கும் நடுவே பதினான்கு மாதம் இடைவெளி என்றால், தாமதம் தலைமைச் செயலகத்தில் இல்லை, இயக்குநரகத்தில் என்று இங்கேயே தெரிந்துவிடும்.
3. நிபந்தனைகள். ஆணையின் பிற்பகுதியில் ‘நிதித் துறையின் ஒப்புதல் பெற்ற பின்’, ‘நிலம் உரிமை மாற்றம் செய்யப்பட்ட பின்’ என்பது போன்ற தொடர்கள் வரும். திட்டம் நின்றுபோவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான்.
4. ‘பெறுநர்’, ‘நகல்’ பட்டியல். இந்த ஆணையைச் செயல்படுத்த வேண்டியவர்கள் யார் யார் என்பதை அரசே எழுதிக் கொடுத்திருக்கிறது. அடுத்த கேள்விகளை இவர்களுக்கு அனுப்புங்கள்.

படி 4: பணத்தைப் பாருங்கள்

அரசாணை இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் வரவு செலவுத் திட்டப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு பத்திகள் இருக்கும்: இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டு மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு. பத்திரிகையில் வருவது பெரும்பாலும் கடைசிப் பத்தி. நீங்கள் மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் ஒப்பிடுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய சரிவு இருந்தால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது.

படி 5: தகவல் உரிமை மனு

2005ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணத்தைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. விளக்கம் கேட்கும் உரிமையைத் தரவில்லை. மனுவில் ‘ஏன்’ என்ற சொல் வந்தாலே ‘இது தகவல் வரையறைக்குள் வராது’ என்று பதில் வந்துவிடும்.

தவறான கேள்வி: ‘எங்கள் ஊருக்கு ஏன் இன்னும் புதிய மருத்துவமனைக் கட்டடம் வரவில்லை?’

சரியான கேள்விகள்:

1. குறிப்பிட்ட ஆண்டு, குறிப்பிட்ட எண்ணுள்ள அறிவிப்பின்மீது வெளியிடப்பட்ட அரசாணையின் நகல்.
2. அதன்கீழ் நிதி விடுவித்த ஆணைகளின் நகல்.
3. பணி ஆணை, ஒப்பந்தக் காலம், இதுவரை வழங்கப்பட்ட தொகை ஆகியவற்றைக் காட்டும் ஆவணங்களின் நகல்.
4. அரசாணை வெளியிடப்படவில்லை எனில், அந்தக் கோப்பு எந்தத் தேதி முதல் எந்தப் பதவியில் உள்ள அலுவலரிடம் உள்ளது என்பதைக் காட்டும் பதிவின் நகல்.
5. குறிப்புக் கோப்பின் நகல்.

ஐந்தாவதை மறந்துவிடாதீர்கள். யார் என்ன காரணம் சொல்லி நிறுத்தினார் என்பது குறிப்புக் கோப்பில்தான் இருக்கும். நான்கு மாதம் சுற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரு பக்கத்தில் அது சொல்லிவிடும்.

மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். ஒன்றிய அலுவலகங்கள் அதை ஏற்பதில்லை. அங்கே 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும், அல்லது இணையவழியில் கட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் உரிய தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடுவை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறியுங்கள். தவறவிட்டு, தாமதத்துக்குத் தக்க காரணமும் காட்ட முடியாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றி, தனிநபர் தகவலுக்கான விலக்கை அகலமாக்கிவிட்டது. அதனால் அலுவலர் பெயர், நோயாளி பெயர் எதையும் கேட்காதீர்கள். பதவி, எண்ணிக்கை, தேதி ஆகியவை போதும். ‘நோயாளிகளின் பெயரை மறைத்துத் தரவும்’ என்று நீங்களே எழுதிவிட்டால் மறுக்க ஒரு காரணம் குறையும்.

படி 6: சட்டமன்ற உறுப்பினரின் கையில் கேள்வியைக் கொடுங்கள்

ஆவணம் கைக்கு வந்த பிறகே உறுப்பினரைப் பாருங்கள். ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்று பார்த்துத் தயங்க வேண்டாம். இருவருக்கும் கொடுங்கள், கொடுத்ததை இருவரிடமும் சொல்லுங்கள்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் காரியம் இருக்கிறது. நம் பேரவைக் கேள்விகள் பெரும்பாலும் ‘… தரம் உயர்த்த அரசு முன்வருமா?’ என்று முடியும். ‘நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சர் அமர்ந்துவிடுவார். அதற்குப் பதிலாக, ‘இந்த அரசாணையின்படி ஒதுக்கப்பட்ட தொகையில் இதுவரை செலவானது எவ்வளவு? பணி முடியும் தேதி எது?’ என்று எழுதிக் கொடுங்கள். தொகையும் தேதியும் பேரவைக் குறிப்பில் ஏறியபின் அது உங்கள் அடுத்த ஆண்டுக் கேள்விக்கு ஆதாரம். துணைக்கேள்விகள் இரண்டை அதே தாளில் கீழே எழுதிவிடுங்கள். மானியக் கோரிக்கைக் காலம் என்றால் வெட்டுத் தீர்மானமாகவும், அவசரம் என்றால் கவன ஈர்ப்பாகவும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

ஒன்றிய அரசின் விஷயம் என்றால் நாடாளுமன்ற உறுப்பினர். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கும் 230 கேள்விகள் எழுத்துப்பூர்வப் பதிலுக்கும் பட்டியலிடப்படுகின்றன. எழுத்துப்பூர்வமானது நமக்கு இன்னும் பயன்படும், எண்கள் கிடைக்கும். தோப்பூரில் அமையும் மதுரை எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 1,264 கோடியிலிருந்து 1,977.8 கோடி ரூபாயாக உயர்ந்ததும், அதில் 1,627.7 கோடி ஜப்பானின் ஜைக்கா கடன் என்பதும் நாடாளுமன்றத்தில் அமைச்சகம் தந்த பதில்களில் பதிவாகியிருக்கின்றன. உறுப்பினர்கள் கூட்டத்தொடர்தோறும் கேட்டதால்தான் அந்த எண்கள் இன்று யாரும் எடுத்துக்காட்டக்கூடிய இடத்தில் கிடைக்கின்றன.

படி 7: பேரவைக் குழுக்கள்

அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்றால் அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதுங்கள். நாடாளுமன்றத்தில் ‘ஆராயப்படும்’ என்ற சொல்கூட உறுதிமொழியாகக் கணக்கில் வரும். அதை 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. உங்கள் கடிதத்தில் அவைக் குறிப்பின் தேதியும் அமைச்சரின் வாசகமும் அப்படியே இருக்க வேண்டும்.

நீண்டகாலப் பொதுப் பிரச்சினைக்கு மனுக்கள் குழு. மாவட்டங்களுக்கு அவர்களே வருவார்கள். மனு கேட்டு மாவட்ட நிர்வாகம் செய்தி வெளியிடும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. ஐந்து பிரதிகள் கேட்பது வழக்கம். நீதிமன்றத்தில் வழக்கில் இருப்பதையும் பட்டா, வேலை போன்ற தனிநபர் கோரிக்கைகளையும் எடுக்க மாட்டார்கள்.

தணிக்கை அறிக்கையையும் விசாரணை ஆணைய அறிக்கையையும் மறக்காதீர்கள். சென்னை அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் தேதி 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபின் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. சட்டப்படி இத்தகைய அறிக்கையை, எடுத்த நடவடிக்கையின் குறிப்போடு, 6 மாதத்துக்குள் அவையில் வைக்க வேண்டும். அந்த நடவடிக்கைக் குறிப்பில் ‘அரசு ஏற்கிறது’ என்று எழுதிய ஒவ்வொரு பரிந்துரையும் ஒரு வாக்குறுதிதான். படி 1இலிருந்து அதற்கும் தொடங்கலாம்.

முடிவுக்கு முன்பே கேட்க வேண்டியவை

திட்டமிடலிலும் வன உயிரினத்திலும் முடிவு வந்தபின் கேட்பதைவிட, வருமுன் எழுதும் ஒரு ஆட்சேபக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். சரணாலயத்தைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலத்தின் வரைவு அறிவிக்கை வந்தால் ஆட்சேபிக்க 60 நாள் உண்டு. முழுமைத் திட்ட வரைவுக்கும் கால அவகாசம் தருவார்கள். எவ்வளவு என்பது அறிவிப்பிலேயே இருக்கும். சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே விளம்பரம் வர வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அங்கே போகுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

சரணாலய எல்லையை மாநில அரசு தானாக மாற்ற முடியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 ஆகக் குறைக்கும் முன்மொழிவு 2020இல் வெளியே தெரியவந்தது, அது இந்த வாரியத்தை நோக்கிப் போன நேரத்தில்தான். எதிர்ப்பு வலுத்தபின் அரசு அதைக் கைவிட்டது. மாநில வாரியத்துக்குத் தலைவர் முதலமைச்சர், தேசிய வாரியத்துக்குப் பிரதமர். இந்த வாரியங்களின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்க ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

1. ஒரே மனுவில் பத்துக் கோரிக்கை. மிக எளிதான ஒன்றுக்குப் பதில் கொடுத்துக் கோப்பை மூடிவிடுவார்கள்.
2. அசலைக் கொடுத்துவிடுவது. எப்போதும் நகல்தான். ஸ்பீடு போஸ்ட் ரசீதையும் நேரில் கொடுத்தால் அலுவலக முத்திரையையும் பத்திரப்படுத்துங்கள்.
3. அமைச்சரோடு எடுத்த படத்தை வெற்றியாக எண்ணி நிறுத்திவிடுவது. சந்திப்பு முடிந்த அன்றே, ‘இன்று தாங்கள் கூறியது’ என்று தொடங்கி ஒரு கடிதம் அனுப்புங்கள். சொன்னதை எழுத்தாக்குவது உங்கள் வேலை.
4. கோபத்தில் லஞ்சம், ஊழல் என்று எழுதிவிடுவது. ஆவணம் காட்டுவதை மட்டும் எழுதுங்கள்.

பாதுகாப்பு

மணல், மலை, மனை இந்த மூன்றைத் தொடும் கேள்வி என்றால் தனியாக இறங்காதீர்கள். குறைந்தது மூன்று பேர், வெவ்வேறு முகவரியிலிருந்து, ஒரே கேள்வியை அனுப்புங்கள்; ஒருவரை மிரட்டிப் பயனில்லை என்று எதிர்த்தரப்புக்குப் புரியும். எல்லாத் தாள்களின் நகலும் ஊருக்கு வெளியே ஒருவரிடம் இருக்கட்டும். மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றே எழுதி, காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

மருத்துவமனையில் நோயாளியைப் படம் எடுக்காதீர்கள். அவர் சம்மதித்தாலும் முகத்தையும் நோய்ச் சீட்டையும் பொதுவில் போடாதீர்கள். செவிலியரும் கிராமப்புற ஊழியரும் நம்மிடம் மனம்விட்டுச் சொல்வதை அவர்கள் பெயரில் எழுதினால் அடுத்த வாரமே இடமாற்றம் வரலாம். அவர்கள் சொன்னதை ஆவணமாகக் கேட்டு வாங்குங்கள். பெயர் வெளியே வர வேண்டியதில்லை.

சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆதாரம் தேடிப் போனால் வழக்கு உங்கள்மேல் வரும். கூடு, குட்டி, யானைத் தடம் இருக்கும் இடத்தின் துல்லியக் குறியீட்டை வெளியிடாதீர்கள். வேட்டைக்காரருக்கும் அந்தத் தகவல் போகும்.

அமைச்சர் மாறினால்

இலாகா மாறும், ஆட்சி மாறும், செயலாளர் அதைவிட வேகமாக மாறுவார். அரசாணை மாறாது; ரத்து செய்யப்படும்வரை அது செல்லும். அதனால் ஒரே ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு வைத்திருங்கள்: அறிவிப்பு, அரசாணை, ஒதுக்கிய பணம், செலவான பணம், நடந்த வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் எண்ணும். புதிய அமைச்சர் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே அந்தத் தாளை ஒரு கடிதத்தோடு அனுப்பி, துறைச் செயலாளருக்கு ஒரு நகல் போடுங்கள். அடுத்த மானியக் கோரிக்கைக்கான கொள்கை விளக்கக் குறிப்பைத் துறை தயாரிப்பது அதற்குப் பிறகுதான். உங்கள் ஊரின் பெயர் அதில் வந்ததா என்று அது பேரவையில் வைக்கப்படும் அன்றே தேடிப் பாருங்கள்.